அக்கா கொண்டுவந்த வாசனை

வீட்டுக்குள் ஒருவர் நுழையும்போது முகத்தைப் பார்க்காமல் மூக்கினாலேயே ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? எங்கள் ராயபுரத்து வீட்டில் முடியும், சகோதரிகளே!

தாரும் பீடியும் கலந்த வாசனை வந்தால் அப்பா. அவர் கப்பல் சரக்கு ஏஜெண்டு ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தார். மீன் வாசனை முன்னால் வந்து, "அம்மாடி!" என்ற பெருமூச்சு பின்னால் வந்தால், காசிமேட்டில் வியாபாரத்தை முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார வரும் எதிர் வீட்டுப் பாட்டி. ஸ்பிரிட்டும் சோப்பும் கலந்து வந்தால் என் அக்கா. அவள் நர்ஸ். என் ஒருவனுக்குத்தான் வாசனை என்று எதுவும் கிடையாது. பத்திரிகைக்காரன் மை வாசனையோடு வீடு திரும்பிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. கம்ப்யூட்டருக்கு ஏது வாசனை?

எங்கள் அம்மாவின் மூக்கு இந்த விஷயத்தில் ஒரு துப்பறியும் இலாகா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவை மணையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனவள், முடியை அவிழ்த்ததும் கையை நிறுத்திவிட்டாள். குனிந்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடி இது! ஆட்டுக்காலை நெருப்புல வாட்டின மாதிரி வாசனை அடிக்குது?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"அது ஓ.டி. வாசனைம்மா. காட்டரிப் புகை. குல்லாய் போட்டாலும் முடிக்குள்ளே போய் உட்கார்ந்துக்குது. நேத்து நாலு கேஸ்" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள்.

ஆட்டுக்கால் என்று அம்மா சொன்னது வெறும் உவமை இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. மூக்கு சரியாகத்தான் சொல்லியிருந்தது. வாட்டியது ஆட்டின் தசை இல்லை, மனிதத் தசை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பயந்துவிடாதீர்கள். இது பேய்க்கதை இல்லை. நாளைக்கே உங்களுக்கோ எனக்கோ ஆபரேஷன் நடந்தாலும் நம் நன்மைக்காகவே நடக்கிற காரியம் இது. ஆனால் அந்த நன்மையை நமக்குச் செய்கிறவர்களுக்கு அதனால் என்ன நேருகிறது என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அக்கா தியேட்டர் நர்ஸாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வாரந்தோறும் ஊரார் சங்கதியெல்லாம் விசாரித்து எழுதுகிற நான், என் வீட்டுச் சங்கதியை விசாரிக்க அம்மாவின் மூக்கு வேண்டியிருந்தது!

* * *

அன்று மத்தியானம் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அக்காவைப் பேட்டி கண்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

அறுவை சிகிச்சை என்றதும் நமக்குக் கத்திதான் ஞாபகத்துக்கு வருகிறது. நிஜத்தில் இன்றைய தியேட்டரில் கத்தியின் வேலை கொஞ்சம்தான். மேல் தோலைக் கத்தி திறந்து கொடுத்துவிடும். அதற்கப்புறம் பேனா மாதிரி ஒரு கருவி வருகிறது. அதற்குக் காட்டரி பென்சில் என்று பெயர். அதன் நுனி வழியாக அதிவேகமாகத் திசை மாறுகிற மின்சாரம் பாய்கிறது. நுனி பட்ட இடத்தில் தசை பிரிகிறது; அதே சமயத்தில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் பொசுங்கி அடைபட்டுப் போகின்றன. ரத்தம் வீணாவதில்லை. டாக்டருக்குத் தாம் செய்கிற இடம் தெளிவாகத் தெரிகிறது.

"ரொம்ப நல்ல கருவிதானே?" என்றேன்.

"நல்லதுதான். அது இல்லேன்னா பாதி ஆபரேஷன் பண்ணவே முடியாது. நான் அதைக் குறை சொல்லலை. அடுப்பு நல்லதுதானேடா? அதுக்காகப் புகைபோக்கி வேணாம்னு சொல்வியா?"

வெங்காயத்தினாலோ வேறு எதனாலோ அவள் கண் கலங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இந்தக் கருவிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர் இருந்தார். ரத்தப்பெருக்குக்குப் பயந்து, தொடங்கிய ஆபரேஷனைப் பாதியில் நிறுத்திவிட வேண்டிய நிலைமை அவருக்கும் வந்தது. வில்லியம் போவி என்பவர், டாக்டர் அல்ல, ஓர் ஆராய்ச்சியாளர், மின்சாரத்தால் ரத்தத்தை நிறுத்தும் பெட்டி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். 1926-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி குஷிங் அந்தப் பெட்டியைத் தியேட்டருக்குள் கொண்டுவந்து, முன்பு நிறுத்திவிட்ட அதே கட்டியை எடுத்து முடித்தார். போவி தம் உரிமையை ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அவருக்கு லாபம் இல்லாவிட்டாலும் உலகத்துக்கு லாபம். அதற்குப் பின் எத்தனை கோடி உயிர்கள் பிழைத்தன என்று யார் கணக்குப் போட முடியும்?

ஆனால் அந்தப் பெட்டியோடு கூடவே புகையும் தியேட்டருக்குள் நுழைந்தது.

* * *

அந்தப் புகையில் என்னதான் இருக்கிறது?

மின்சாரம் பட்டதும் தசையின் அணுக்களுக்குள் இருக்கும் நீர் கொதித்து, அணு வெடிக்கிறது. வெளியே வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் நீராவி. மீதி ஐந்து பங்கில்தான் வில்லங்கம். பென்சீன், டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்ஸைடு என்று ஒரு பட்டியல். இவற்றில் பாதிப் பெயர்களை எங்கள் பக்கத்துக் குழந்தைகள்கூடக் கேள்விப்பட்டிருக்கும். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதைச் சுற்றி ரசாயனத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன அல்லவா? அந்த வேலிக்குப் பக்கத்தில் பேசப்படுகிற பெயர்கள், பச்சைத் திரை போட்ட சுத்தமான அறைக்குள்ளும் இருக்கின்றன என்பதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

இவை தவிரத் துகள்கள். காட்டரிப் புகையின் துகள் சராசரியாக 0.07 மைக்ரான் அளவு. இந்தக் கணக்கு எனக்கும் விளங்கவில்லை. அக்காதான், "உன் தலைமுடி ஒண்ணோட கனம் சுமார் 70 மைக்ரான். அதை ஆயிரம் பங்கு போட்டா ஒரு பங்கு" என்று விளங்கவைத்தாள். மூக்கில் இருக்கும் ரோமம் இதைத் தடுக்காது. நேரே நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய்விடும்.

"மாஸ்க் போட்டுக்கிறீங்களே?" என்று கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

"அந்த மாஸ்க் எங்களைக் காப்பாத்தறதுக்கு இல்லைடா. எங்க வாயிலேர்ந்து எச்சில் தெறிச்சு நோயாளி புண்ணுல விழக்கூடாதுன்னு போடறது. புகைக்கு அது கொசுவலையைக் கட்டி மாவு சலிக்கிற மாதிரி."

கன்னத்தின் இரு பக்கமும் இடைவெளி விட்டுக்கொண்டு தொங்குகிற சாதாரணத் துணி மாஸ்க் இந்தத் துகளுக்கு ஒரு தடையே அல்ல. கொரோனா காலத்தில் நாமெல்லாம் கேள்விப்பட்ட என்-95 மாஸ்க் மேலானது. முகத்தோடு சரியாகப் பொருந்தினால் பெரும்பகுதித் துகளைத் தடுக்கும். ஆனால் வாயுவை அதுவும் தடுக்காது. தவிர, ஐந்து மணி நேர ஆபரேஷனில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது லேசான காரியமா?

1981-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு கிராம் தசையைக் காட்டரியால் பொசுக்கினால் வருகிற புகையின் தீய சக்தி, அதாவது அணுக்களின் மரபுக் கூற்றைக் கெடுக்கிற சக்தி, ஆறு சிகரெட்டுப் புகைக்குச் சமம் என்று கண்டார்கள். 2012-இல் இங்கிலாந்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் கணக்கெடுத்தார்கள். ஒரு நாளில் அந்த அறையில் உண்டாகும் புகை, இருபத்தேழு முதல் முப்பது சிகரெட் வரைக்கும் சமம் என்று வந்தது. ஒவ்வொருவரும் முப்பது சிகரெட் பிடித்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அறைக்குள் உண்டான மொத்தப் புகையின் கணக்கு இது. அதில் யாருக்கு எவ்வளவு என்பது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டாக்டரும், கூட நிற்கும் நர்ஸும் குனிந்து நிற்கிறார்கள். புகை மேலே எழும்புகிறது. மீதியை உங்கள் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

என் அப்பா பீடி பிடித்ததற்காக அம்மா முப்பது வருஷம் சண்டை போட்டாள். சிகரெட்டைக் கையால்கூடத் தொடாத பெண் ஒருத்தி அதே வீட்டிலிருந்து தினமும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள்; அதை யாரும் கேட்கவில்லை.

* * *

இதனால் இன்ன வியாதி வரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? பத்திரிகைக்காரன் பயமுறுத்துகிறான் என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள். ஆகவே இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கண் எரிச்சல், தொண்டைக் கமறல், தலைவலி, குமட்டல், இருமல். இவற்றைப் பற்றித் தகராறு இல்லை. 2010-இல் அமெரிக்காவில் தியேட்டர் நர்ஸுகளை விசாரித்தபோது, பல மூச்சுத் தொல்லைகள் பொது ஜனங்களைக் காட்டிலும் தங்களுக்கு இரண்டு மடங்கு இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். 1991-இல் நார்வே நாட்டில் ஒரு டாக்டருடைய சங்கதி வெளிவந்தது. மருக்களை லேசர் ஒளியால் எரித்து எடுப்பது அவர் தொழில். அவருடைய குரல்வளையிலேயே மருக்கள் முளைத்துவிட்டன! பரிசோதித்துப் பார்த்தால், நோயாளிகளின் மருக்களில் இருக்கும் அதே ஜாதி வைரஸ். புகையோடு போய்க் குடியேறியிருக்கிறது. ஜெர்மனியில் ஒரு தியேட்டர் நர்ஸுக்கும் இதே கதி நேர்ந்து, அது தொழிலால் வந்த நோய் என்றே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இது ஒரு பக்கம். மறுபக்கம், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நர்ஸுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தியேட்டரில் வேலை செய்ததால் நுரையீரல் புற்றுநோய் அதிகமானதாகத் தெரியவில்லை என்றது அது. எனக்கு அதைப் படித்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே அக்காவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"சந்தோஷம்" என்றாள் அக்கா. "புற்றுநோய் வராதுங்கறதுக்காக இருமிக்கிட்டே இருக்கணுமா?"

* * *

அவளுடைய இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் ஆரம்பிக்கும். மாமா எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பார். காலையில் தலைவலி. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களிலும் குறைந்துவிடும். இதை அவளே ஒரு காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துக் குறித்து வந்திருக்கிறாள்.

காலண்டரை எடுத்துக்கொண்டு ஒரு நுரையீரல் டாக்டரிடம் போனோம். ஊதச் சொன்னார். ஊதினாள். மூச்சின் பலம் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவு என்றார். "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "ராயபுரம்" என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

"ராயபுரத்தில் இருக்கிறவங்க இருமாம என்னம்மா செய்வாங்க?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. புகைக்கும் எங்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி புகை கக்கிக்கொண்டு கிளம்பியதே எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான்! அதற்கப்புறம் துறைமுகத்தில் மலை மலையாக நிலக்கரி. மாடியில் வெள்ளை வேஷ்டி உலர்த்தினால் சாயந்திரம் சாம்பல் வேஷ்டியாக இறங்கும். ஜன்னல் விளிம்பை விரலால் தடவினால் கண் மை. எங்கள் தெருப் பெண்கள் ஒரு நாளைக்கு மூன்று முறை வீடு துடைத்தார்கள். கடைசியில் விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2011-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது. அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாது என்று. அந்த வருஷம் தீபாவளிக்கு அம்மா வெள்ளைப் புடவை ஒன்றைத் துணிந்து மாடியில் காயப்போட்டதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் நிலக்கரி எங்கே போயிற்று? மாயமாக மறைந்துவிடவில்லை. வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. அங்கே ஏற்கெனவே அனல் மின் நிலையங்களின் சாம்பலோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு எங்கள் பங்கும் சேர்ந்தது. திருவொற்றியூரில் வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு அந்தப் பக்கம் போகிற போதெல்லாம் இந்த நினைப்பு எனக்கு உறுத்தும். எங்கள் ஜன்னல் சுத்தமானது. இன்னொருத்தி தன் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மூக்கைப் பிய்க்கும் நெடி. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் செய்தியைப் படித்த அக்கா சொன்னாள்:

"அவங்களாலே ஓட முடிஞ்சுது. நாங்க எங்கே ஓடறது? வயித்தைத் திறந்துகிட்டு ஒரு உசிரு படுத்திருக்குது."

* * *

சரி, இதற்குப் பரிகாரம் இல்லையா? இருக்கிறது! அதுவும் சுலபமான பரிகாரம். அதுதான் ஆத்திரமூட்டும் விஷயம்.

புகை எழும்பும் இடத்திலேயே அதை உறிஞ்சிவிடுகிற இயந்திரம் இருக்கிறது. ஒரு சின்னப் பெட்டி, ஒரு குழாய், உள்ளே மிக நுண்ணிய வடிகட்டி. குழாயின் வாயைப் புண்ணிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் பிடிக்க வேண்டும். தூரம் போனால் பிரயோசனம் குறைந்துவிடும். உங்கள் சமையலறையில் மிளகாய் தாளிக்கும்போது, காற்றாடி அடுப்புக்கு நேர் மேலே இருந்தால் கமறுவதில்லை. எதிர்ச் சுவரில் இருந்தால் வீடே தும்முகிறது அல்லவா? அதே தத்துவம். காட்டரி பென்சிலோடேயே உறிஞ்சுகுழாய் பொருத்தி வருவதும் உண்டு. ரத்தத்தையும் நீரையும் இழுக்கும் சாதாரண சக்ஷன் குழாய் கொஞ்சம் புகைக்குத்தான் ஈடுகொடுக்கும். நிறையப் புகைக்குப் போதாது. அமெரிக்காவில் 1996-லேயே அந்நாட்டுத் தொழில் சுகாதார நிலையம் இந்த முறைகளை எழுதி வெளியிட்டிருக்கிறது. 2018-இல் ரோட் ஐலண்டு என்ற குட்டி மாகாணம், தியேட்டரில் புகை உறிஞ்சி கட்டாயம் என்று முதன்முதலில் சட்டம் போட்டது. மறு வருஷம் கொலராடோ. அப்புறம் ஒவ்வொன்றாகப் பல மாகாணங்கள். அந்தச் சட்டங்களுக்காகக் குரல் கொடுத்து அலைந்தவர்களில் நர்ஸுகளே முன்வரிசையில் நின்றார்கள்.

"உங்க ஆஸ்பத்திரியிலே அந்தப் பெட்டி இல்லையா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"இருக்குதே!"

"எங்கே?"

"ஸ்டோர் ரூமில. போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது."

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வட சென்னையில் இருக்கும் நடுத்தரமான தனியார் ஆஸ்பத்திரிகளில் அது ஒன்று. 2020-இல் கொரோனா வந்தபோது, புகையோடு அந்தக் கிருமியும் வந்துவிடுமோ என்று உலகம் முழுவதும் அறுவை நிபுணர்கள் பயந்தார்கள். அப்போது இவர்களும் அவசரமாக ஒரு பெட்டி வாங்கினார்கள். கொரோனா போயிற்று, பயமும் போயிற்று, பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போயிற்று. வடிகட்டி தீர்ந்துவிட்டது, புதிது வாங்கவில்லை. "சத்தம் போடுகிறது, கவனம் சிதறுகிறது" என்று டாக்டர்களும் சொன்னார்கள்.

அக்கா மானேஜரிடம் மனுக் கொடுத்தாள். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, ஒரு யோசனை சொன்னார். "சிஸ்டர், உங்க உடம்புதான் முக்கியம். உங்களை ஓ.பி.க்கு மாத்திடறேன். சம்பளத்திலே ஒண்ணும் குறைய மாட்டேன்."

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமா கல்மண்டபம் மார்க்கெட்டிலிருந்து நல்ல வஞ்சிரம் வாங்கி வந்துவிட்டார். அக்கா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள் கடைசியில்.

"ஏன்?" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டோம்.

"என் இடத்துல யாரைப் போடப் போறாங்க தெரியுமா? போன மாசம் வேலைக்குச் சேர்ந்த பொண்ணு. இருபத்திரண்டு வயசு. அவ அங்க நிப்பா. புகை எங்கேயும் போகாது. நிலக்கரியை எண்ணூருக்கு அனுப்பின கதைதானே இது?"

மாமா பதில் பேசவில்லை. அம்மா எழுந்து போய் இன்னும் ஒரு கரண்டி குழம்பைக் கொண்டுவந்து அவள் தட்டில் ஊற்றினாள். எங்கள் வீட்டில் சம்மதம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

* * *

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பென்சிலைப் பிடித்தவர். புகைக்கு எல்லாரையும்விட அருகில் நிற்கிறவர் அவர்தான். ஆனால் புகையைப் பற்றி யார் பேசினாலும், "நான் இன்னும் உயிரோடுதானே இருக்கேன்?" என்று சிரிப்பார். ஒரு நாள் இரண்டு கேஸ்களுக்கு நடுவே டீ குடிக்கும்போது அக்கா மெதுவாகக் கேட்டாளாம்:

"சார், உங்க வீட்டுல அம்மா, உங்க தலையணை உறையைப் பத்தி ஏதாவது சொல்றது உண்டா?"

டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை கை கழுவும் இடத்தில் அவராகவே வந்தார். "சிஸ்டர், நேத்து ராத்திரி வீட்டில கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என் தலையணை உறையைத் தனி வாளியிலேதான் போடறாளாம். வாசனை போக ரெண்டு தடவை அலசறாளாம். முப்பத்திரண்டு வருஷம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை."

"ஏன் சொல்லலையாம்?"

"நான் கேட்கலையாம்."

அந்த வாரமே ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. புது வடிகட்டி வந்தது. சத்தத்துக்கும் வழி பிறந்தது: பெட்டியை எப்போதும் ஓடவிடாமல், காட்டரி வேலை செய்யும்போது மட்டும் தானாக ஓடும்படி இணைத்துவிட்டார்கள். குழாயைப் புண்ணருகே பிடிக்கும் வேலையை அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அக்காவே கற்றுக் கொடுத்திருக்கிறாள். "இரண்டு அங்குலம். உன் கட்டை விரல் நீளம்னு வச்சுக்கோ" என்பது பாடம்.

அக்காவின் இருமல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். முழுவதும் போகவில்லை. காலண்டரில் புள்ளிகள் குறைந்திருக்கின்றன. மூச்சின் பலம் இன்னும் குறையவில்லை என்கிறார் டாக்டர். எதனால் வந்தது என்று இன்றுவரை அவர் எழுதிக் கொடுக்கவில்லை. தியேட்டர் புகையா, ராயபுரத்துக் காற்றா, சிறு வயதில் அப்பா விட்ட பீடிப் புகையா, யார் பிரித்துச் சொல்ல முடியும்?

சகோதரிகளே, உங்களில் பலர் பிரசவத்துக்கோ வேறு காரணத்துக்கோ அந்தப் பச்சைத் திரைக்குக் கீழே படுத்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் கை நசுங்கி, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் விரல்களைத் திரும்பப் பெற்று வந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. உங்களுக்குச் சொல்வது இதுதான்: ஆபரேஷன் என்றால் பயப்படாதீர்கள். நோயாளிக்கு அது ஒரு நாள் சமாசாரம். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது தினசரி சமாசாரம். உங்கள் மகளோ, மருமகளோ, அடுத்த வீட்டுப் பெண்ணோ தியேட்டரில் வேலை செய்கிறவளாக இருந்தால், "அங்கே புகை உறிஞ்சுகிற பெட்டி இருக்கிறதா, ஓடுகிறதா?" என்று ஒரு தடவை கேளுங்கள். இரண்டு கேள்வியையும் கேட்க வேண்டும். எங்கள் அக்காவின் ஆஸ்பத்திரியில் முதல் கேள்விக்கு எப்போதும் 'இருக்கிறது' என்றுதான் பதில் கிடைத்திருக்கும்!

இன்னும் ஒரு சங்கதி பாக்கி. அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு தியேட்டர்கள். பெட்டி ஒன்றுதான். இரண்டாவதற்கு "அடுத்த மாசம்" என்று மானேஜர் மூன்று தடவை சொல்லிவிட்டார். அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டாவது தியேட்டரில் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போல அவளை மணையில் உட்காரவைத்து முடியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். "சீயக்காய் வாசனைதான் வருது" என்று திருப்தியோடு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள்.

"டேய், நீ பத்திரிகையில எழுதுறியே, செவ்வாக்கிழமையையும் எழுது."

எழுதிவிட்டேன், அம்மா.